ஓடித் திரட்டிய பணம்

1977 மார்ச்சில் கனடாவின் மேற்குக் கரையில் வாழ்ந்த டெர்ரி ஃபாக்ஸ் என்ற 18 வயதுக் கல்லூரி மாணவருக்கு வலது முழங்காலில் எலும்புப் புற்று இருப்பது தெரியவந்தது. மருத்துவர்கள் ஆஸ்டியோசர்கோமா என்று அழைக்கும் இந்த நோய் வளரும் வயதில் இருப்பவர்களையே அதிகம் பிடிக்கும். முழங்காலுக்கு மேல் சுமார் 15 செ.மீ. உயரத்தில் காலை வெட்டி எடுத்தார்கள். இனிப் பிழைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றார்கள். கூடவே இன்னொன்றையும் சொன்னார்கள்: இரண்டே ஆண்டுக்கு முன் இதே நோயோடு வந்திருந்தால் அந்த வாய்ப்பு 15 விழுக்காடாகத்தான் இருந்திருக்கும்.

புற்றுநோய் ஆராய்ச்சிக்காக மாரத்தான் ஓடிப் பணம் திரட்டும் வழக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் டெர்ரி ஃபாக்ஸ் ஓடிய தூரத்தைச் சொல்லித்தான் தொடங்குவார்கள். எனக்கு இந்த இரண்டு எண்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. 15 எப்படி 50 ஆனது? யாரோ ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு யாரோ பணம் கொடுத்திருந்தார்கள். இதை அந்த இளைஞர் புரிந்துகொண்டதால்தான் அவர் கேட்ட பணம் மருத்துவமனைக் கட்டிடத்துக்கோ நோயாளிகளின் வழிச்செலவுக்கோ போகாமல் ஆராய்ச்சிக்கு என்றே கேட்கப்பட்டது. இன்று உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் மார்பில் ஓர் அமைப்பின் பெயரைக் குத்திக்கொண்டு 42.195 கி.மீ. ஓடுகிறார்கள். அவர்கள் திரட்டும் பணம் அந்த எண்களை உண்மையிலேயே மாற்றுகிறதா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் அந்த ஓட்டத்தைப் பார்த்துவிடலாம். அறுவைக்கு முந்தின இரவு, அவருடைய பள்ளிக்காலப் பயிற்சியாளர் ஓர் இதழைக் கொண்டுவந்து கொடுத்தார். 1976 நியூயார்க் மாரத்தானை ஒரு செயற்கைக் காலோடு ஓடி முடித்த டிக் டிராம் என்பவரைப் பற்றிய கட்டுரை அதில் இருந்தது. பிறகு 16 மாதம் கீமோ சிகிச்சை. அந்த வார்டில் தன்னைவிடச் சிறியவர்கள் ஒவ்வொருவராக இல்லாமல் போவதைப் பார்த்தார். 1979இல் பயிற்சியைத் தொடங்கினார். அந்த ஆண்டு பிரின்ஸ் ஜார்ஜ் நகரில் நடந்த ஒரு நெடுந்தூர ஓட்டத்தில் கலந்துகொண்டு கடைசியாக வந்தார். அவருக்கு முன்னால் வந்தவருக்கும் அவருக்கும் பத்து நிமிட இடைவெளி. அதே ஆண்டு அக்டோபரில் கனடியப் புற்றுநோய்ச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார்: கனடாவைக் கிழக்கிலிருந்து மேற்காக ஓடிக் கடக்கப் போகிறேன், உதவுங்கள். சங்கத்தார் அரைமனதோடுதான் சம்மதித்தார்கள். இப்படித் தொடங்கிப் பாதியில் நின்றுபோன எத்தனையோ திட்டங்களை அவர்கள் பார்த்திருப்பார்கள்.

1980 ஏப்ரல் 12 அன்று நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரில், செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டுப் புறப்பட்டார். பள்ளித் தோழர் டக் ஆல்வர்ட் பின்னால் வேனை ஓட்டிவந்தார். அக்காலச் செயற்கைக் கால் நடப்பதற்குச் செய்யப்பட்டது, ஓடுவதற்கு அல்ல. அது பின்னாலிருந்து முன்னால் வந்து சேர நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை ஈடுகட்ட நல்ல காலால் ஒரு தத்து கூடுதலாகத் தத்த வேண்டும். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம், ஒவ்வோர் அடிக்கும் ஒரு தத்து. வெட்டுப்பட்ட கால் முனை செயற்கைக் காலின் குழிக்குள் உரசிப் புண்ணாகி இரத்தம் கசிந்தது. படங்களில் அதைப் பார்த்துப் பதறியவர்கள் உண்டு. தனக்கு அது பழகிவிட்டது என்பதுதான் அவர் பதில்.

முதல் வாரங்களில் பல ஊர்களில் அவரை எதிர்கொள்ள ஆளே இல்லை. ஆனால் போர்ட் ஓ பாஸ்க் என்ற சிற்றூர் வேறு மாதிரி இருந்தது. சுமார் 10,000 பேர் வாழும் அந்த ஊர் 10,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தது. ஆளுக்கு ஒரு டாலர். அப்படியானால் நாடு முழுக்க ஆளுக்கு ஒரு டாலர் என்று ஏன் கேட்கக்கூடாது? அப்போது கனடாவின் மக்கள்தொகை 2 கோடியே 40 இலட்சம். நிதி திரட்டும் கலையைத் தொழிலாகச் செய்கிறவர்களுக்கு இந்த ஒரு டாலர்க் கணக்கு ஒரு பாடம் என்றே சொல்வேன். பெரிய தொகை கேட்டால் சிலர்தான் தருவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். எல்லாராலும் முடிகிற தொகையைக் கேட்டால் கொடுக்காமல் இருப்பதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

கியூபெக்கில் கண்டுகொள்வார் அதிகம் இல்லை. லாரிகள் உரசிச் சென்றன. ஒண்டாரியோவில் நிலைமை தலைகீழானது. ஃபோர் சீசன்ஸ் ஓட்டல் நிறுவனத்தின் இசடோர் ஷார்ப், மைலுக்கு 2 டாலர் தருவதாகச் சொல்லி, வேறு 999 நிறுவனங்களையும் அப்படித் தருமாறு அழைத்தார். அவருடைய மகன் 1978இல் தோல் புற்றுநோயால் இறந்திருந்தார். ஜூலை 11 அன்று டொராண்டோ நகர மன்றச் சதுக்கத்தில் 10,000 பேர் கூடினார்கள். செப்டம்பர் 1 அன்று தண்டர் பே நகருக்கு வெளியே ஓட்டம் நின்றது. புற்று நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 143 நாள், 5,373 கி.மீ. அதுவரை சேர்ந்த தொகை 17 இலட்சம் டாலர். ஒரு வாரம் கழித்து சிடிவி தொலைக்காட்சி நடத்திய ஐந்து மணி நேர நிகழ்ச்சி 1 கோடியே 5 இலட்சம் டாலரைக் கொண்டுவந்தது. 1981 பிப்ரவரியில் 2 கோடியே 41 இலட்சத்தைத் தாண்டியது, ஆளுக்கு ஒரு டாலர். ஜூன் 28 அன்று, 23ஆவது பிறந்தநாளுக்குச் சரியாக ஒரு மாதம் இருக்க, டெர்ரி ஃபாக்ஸ் இறந்தார்.

இதில் பொதுவாகப் பேசப்படாத ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அவர் மருத்துவப் பரிசோதனைகளுக்குப் போக மறுத்தார். வழியில் மூச்சுத்திணறலும் மார்வலியும் வந்தபோதும் ஓடினார். அவருடைய வைராக்கியத்தைப் புகழ்கிற ஊடகங்கள் இதையும் அந்தப் புகழுக்குள்ளேயே சேர்த்துவிடுகின்றன. அவர் காப்பாற்ற நினைத்த நோயாளிகளுக்கு எந்த மருத்துவரும் அப்படி இருக்கச் சொல்லமாட்டார். அதே சமயம், அவர் கையாண்ட வேறொரு கண்டிப்புக்கு வந்த புகழ் போதாது. வேனும் எரிபொருளும் காலணியும் நிறுவனங்களிடமிருந்து பெற்றுக்கொண்டார். தங்கள் பொருளைப் புகழ்ந்து பேச வேண்டும் என்று நிபந்தனை போட்டவர்களின் உதவியை ஒதுக்கினார். 1981 செப்டம்பரில் 3,00,000 பேர் ஓடிய முதல் டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டம் 35 இலட்சம் டாலர் திரட்டியது. அன்று முதல் இந்த ஓட்டங்களுக்குப் போட்டி கிடையாது, பரிசு கிடையாது, நுழைவுக் கட்டணம் கிடையாது, வணிக விளம்பரமும் கிடையாது. நடக்கலாம், ஓடலாம், சக்கர நாற்காலியில் வரலாம். சென்னையில் ஐஐடி வளாகத்திலும் இந்த ஓட்டம் நடந்திருக்கிறது. அவர் பெயரால் இதுவரை திரண்ட தொகை 85 கோடி கனடிய டாலருக்கு மேல்.

15ஐ 50 ஆக்கிய ஆராய்ச்சி எங்கிருந்து வந்தது? இந்தக் கதையின் ஒரு நுனி சென்னையில் இருக்கிறது. பீமவரத்தில் பிறந்த எல்லப்பிரகட சுப்பாராவ், மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். கதர் உடுத்தி அறுவை அரங்குக்கு வந்ததால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழு மருத்துவப் பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். 1920களில் பாஸ்டனுக்குப் போனார். பின்னாளில் லெடர்லே நிறுவனத்தில் அவருடைய குழு உருவாக்கிய அமினோப்டெரின் என்ற மருந்தைத்தான் 1947-48இல் பாஸ்டன் குழந்தைகள் நோயியல் மருத்துவர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தற்காலிகமாகவேனும் பின்வாங்கியது. அதுவரை எந்த மருந்தும் அதைச் செய்ததில்லை. அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். அதை மிக அதிக அளவில் கொடுத்து, உடனே மாற்று மருந்தால் உடலைக் காப்பாற்றும் முறையை எலும்புப் புற்றில் சோதித்த பாஸ்டன் குழுவின் கட்டுரை 1974இல் வெளியானது. அதே ஆண்டு அட்ரியமைசின் மருந்தின் பலனும் வந்தது. டெர்ரி ஃபாக்ஸிடம் மருத்துவர்கள் சொன்ன அந்த 'இரண்டு ஆண்டு' இடைவெளிக்குப் பின்னால் இருந்தவை இவை.

ஃபார்பருக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அங்கேயும் மக்களின் சில்லறைக் காசுதான். 1948 மே மாதம், 'ஜிம்மி' என்று பெயர் மாற்றி அழைக்கப்பட்ட ஒரு சிறுவனின் படுக்கையருகே பேஸ்பால் வீரர்கள் கூடிய வானொலி நிகழ்ச்சி நாடெங்கும் ஒலிபரப்பானது. கேட்டவர்கள் அனுப்பியது 2,30,000 டாலருக்கு மேல். அந்த ஜிம்மி நிதியில் வளர்ந்த டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்துக்காக 1990 முதல் ஆண்டுதோறும் பாஸ்டன் மாரத்தானில் ஓர் அணி ஓடுகிறது. அது திரட்டும் பணம் முழுவதும் கிளாடியா ஆடம்ஸ் பார் திட்டத்துக்குப் போகும். அடிப்படை ஆய்வில் புதிய யோசனையோடு வரும் விஞ்ஞானிகளுக்கு, அதை நிரூபிக்கும் முதல் தரவு கிடைக்கும்வரை கைகொடுப்பது அந்தத் திட்டத்தின் வேலை.

இந்த ஏற்பாடு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆண்டு வரவுசெலவு சுமார் 700 கோடி டாலர். அதோடு ஒப்பிட்டால் எந்த மாரத்தான் அணி திரட்டுவதும் கொசுறு. அரசு செய்வதையே இந்தக் கொசுறும் செய்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அரசின் நிதிக்குழுக்கள் முதல் தரவைக் கேட்கும். தரவு எடுக்கப் பணம் வேண்டும். பணம் வேண்டுமானால் தரவு வேண்டும். மருந்து நிறுவனமோ விற்க ஒன்றும் இல்லாத இடத்துக்கு வராது. இந்த இரண்டுக்கும் நடுவே விழுந்துகிடக்கிற யோசனைகளுக்குத்தான் ஓடித் திரட்டிய பணம் ஏற்றது. கனடாவிலும் 2007இல் தொடங்கப்பட்ட டெர்ரி ஃபாக்ஸ் ஆராய்ச்சி நிறுவனம் பல மாகாண ஆய்வகங்களை ஒன்றிணைக்கும் வேலையைத் தொடங்கிய பிறகுதான் 2019இல் மத்திய அரசு அதற்கு 15 கோடி டாலர் வரை ஒதுக்கியது. மக்கள் பணம் முன்னே போனது, அரசுப் பணம் பின்னே வந்தது.

தனி மனிதரின் வைராக்கியம் தொழில்முறை ஏற்பாடாக மாறியது 1988இல். இரத்தப் புற்று வந்த மகளின் தந்தை ஒருவர் 38 பேரைத் திரட்டி நியூயார்க் மாரத்தானில் ஓடவைத்தார். அவர்கள் லுகேமியா சங்கத்துக்காகத் திரட்டியது 3,22,000 டாலர். 'டீம் இன் டிரெய்னிங்' என்ற பெயரில் அது வளர்ந்தது: ஓடத் தெரியாதவருக்கும் பயிற்சி தருவோம், பயிற்சியாளரைத் தருவோம், ஓட்டத்தில் இடம் வாங்கித் தருவோம், பதிலுக்கு இவ்வளவு பணம் திரட்டுங்கள். 1994இல் இலண்டனின் பேட்டர்சி பூங்காவில் 680 பெண்களோடு 'ரேஸ் ஃபார் லைஃப்' தொடங்கியது. அது குறுந்தூர ஓட்டம், பின்னாளில் பிரிட்டனின் புற்றுநோய் ஆராய்ச்சிச் சங்கத்துக்கு முக்கிய வரவாகவே ஆகிவிட்டது.

இவை எல்லாவற்றுக்கும் பெரிய சந்தை இலண்டன் மாரத்தான். கிறிஸ் பிராஷரும் ஜான் டிஸ்லியும் 1981 மார்ச்சில் தொடங்கிய இந்த ஓட்டம் இதுவரை பல்வேறு அறப்பணிகளுக்குத் திரட்டிய தொகை 100 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. சந்தை என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். ஓட விரும்புகிறவர்கள் இடங்களைவிடப் பல மடங்கு அதிகம். குலுக்கலில் இடம் கிடைப்பது அரிது. அறப்பணி அமைப்புகள் மாரத்தான் நிறுவனத்திடம் சில நூறு பவுண்டுக்கு ஓர் இடத்தை வாங்கி, சுமார் 2,000 பவுண்டு திரட்டித் தருவேன் என்று உறுதி கூறும் ஓட்டக்காரருக்குக் கொடுக்கின்றன. ஆக, உங்கள் நண்பர் 'புற்றுநோய்க்காக ஓடுகிறேன்' என்று செய்தி அனுப்பும்போது, அதில் 'ஓடுவதற்காகப் புற்றுநோயை எடுத்துக்கொண்டேன்' என்பதும் கொஞ்சம் கலந்திருக்கலாம். இதில் பெரிய பாவம் ஏதும் இல்லை. ஆனால் வெளியூர் மாரத்தானுக்குப் போகிற விமானச் சீட்டும் ஓட்டல் அறையும் நன்கொடைக் கணக்கிலேயே ஏறும்போது, கொடுக்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

சந்தையை நம்பினால் சந்தை மூடும் நாளும் வரும். 2020 ஏப்ரலில் கொரோனாவால் இலண்டன் மாரத்தான் தள்ளிப்போனது. ரேஸ் ஃபார் லைஃப் ஓட்டங்கள் நின்றன. அந்த வசந்தத்திலேயே பிரிட்டனின் புற்றுநோய் ஆராய்ச்சிச் சங்கம் தன் ஆய்வு நிதியில் சுமார் 4.4 கோடி பவுண்டைக் குறைத்தது. மக்கள் தெருவில் ஓடாவிட்டால் ஆய்வகத்தில் வேலை நிற்கும் என்ற நிலை, ஆராய்ச்சியை நன்கொடையில் கட்டி வைத்ததன் பலவீனம்.

சரி, ஏன் ஓட வேண்டும்? பேசாமல் காசோலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் என்ன? தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பழனிக்குப் பேருந்து இருக்கிறது. ஆனாலும் தைப்பூசத்துக்கு இலட்சக்கணக்கானோர் நடந்தே போகிறார்கள், வழியெல்லாம் மற்றவர்கள் மோரும் சோறும் கொடுக்கிறார்கள். உடல் வருந்தினால் வேண்டுதலுக்கு எடை கூடும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2013இல் கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டார் ஷஃபீர் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதனையாகவே செய்து காட்டினார்கள். ஒரே நோக்கத்துக்கு விருந்து வைத்துப் பணம் திரட்டுவதா, ஐந்து மைல் ஓடித் திரட்டுவதா என்றபோது, கஷ்டப்பட வேண்டிய வழியில்தான் மக்கள் கூடுதலாகக் கொடுக்க முன்வந்தார்கள். பனிபோல் குளிர்ந்த தண்ணீரில் கையை வைத்திருக்க வேண்டும் என்றபோதும் கொடை கூடியது. மனிதத் துயரம் சம்பந்தப்பட்ட நோக்கமானால் இந்த விளைவு வலுவாக இருந்தது. பூங்கா அமைப்பது போன்ற இன்பமான நோக்கங்களுக்கு அவ்வளவாக இல்லை. புற்றுநோய்க்கும் மாரத்தானுக்கும் ஏன் இவ்வளவு பொருத்தம் என்பது இங்கே விளங்குகிறது.

2010 இலண்டன் மாரத்தானில் ஓடியவர்களின் இணைய நன்கொடைப் பக்கங்களைப் பொருளியலாளர்கள் அலசியிருக்கிறார்கள். முன்னால் வந்த நன்கொடைகளின் சராசரி 10 பவுண்டு கூடினால், அடுத்து வருபவர் இரண்டரை பவுண்டு கூட்டிக் கொடுக்கிறார். மொய்ப் பட்டியலைப் பார்த்து மொய் எழுதுகிற நம் ஊர்க் கல்யாண வீட்டை இவர்கள் பார்த்திருந்தால் இவ்வளவு உழைத்திருக்க வேண்டியதில்லை. இலண்டன் மாரத்தான் நன்கொடைப் பக்கங்களை வைத்துச் செய்த வேறோர் ஆய்வு கண்டது இன்னும் வேடிக்கை: அழகான பெண்ணின் பக்கத்தில் ஓர் ஆண் பெருந்தொகை கொடுத்திருந்தால், அடுத்து வரும் ஆண் அவரை மிஞ்சப் பார்க்கிறார்.

இந்த ஆய்வுகள் எல்லாம் சேர்ந்து சொல்வது நல்ல செய்தி அல்ல. கொடை அசைவது ஓடுகிறவரின் வலிக்காக, அவரோடு உள்ள உறவுக்காக, பக்கத்தில் கொடுத்தவரின் தொகைக்காக. பணம் போய்ச் சேரும் ஆய்வின் தரம் அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. ஓடுபவரின் கண்ணீரை நம்பிக் கொடுத்த பணம் நல்ல ஆய்வகத்துக்கும் போகலாம், வீண் விளம்பரத்துக்கும் போகலாம்; கொடுத்தவர் இரண்டிலும் ஒரே அளவு மனநிறைவோடுதான் தூங்குவார்.

இதற்கு அமெரிக்காவில் இரண்டு பெரிய சாட்சிகள் உண்டு. மார்பகப் புற்றுக்காக 1983இல் டல்லஸ் நகரில் தொடங்கிய கோமன் அறக்கட்டளையின் 'ரேஸ் ஃபார் த க்யூர்' உலகெங்கும் இளஞ்சிவப்பு ஓட்டங்களாகப் பரவியது. பெயரே 'குணமாக்கும் ஓட்டம்'. ஆனால் 2011இல் அந்த அமைப்பு பெற்ற நன்கொடையில் ஆய்வுக்குப் போனது சுமார் 15 விழுக்காடு என்று 2012இல் ராய்ட்டர்ஸ் கணக்கிட்டது. விழிப்புணர்வுக்கும் பரிசோதனைக்கும் அதைவிட அதிகம் போனது. விழிப்புணர்வு தேவையில்லை என்று சொல்லவில்லை. ஆனால் 'குணமாக்க' என்று சொல்லி வாங்கினால் மக்கள் ஆய்வகத்தையே நினைப்பார்கள். இன்னொன்று லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங். விரைப் புற்றிலிருந்து மீண்டு சைக்கிள் பந்தயங்களை வென்றவர், 2006 நியூயார்க் மாரத்தானையும் மூன்று மணி நேரத்துக்குள் ஓடினார். அவருடைய லிவ்ஸ்ட்ராங் அறக்கட்டளையின் மஞ்சள் கைப்பட்டையை உலகமே அணிந்தது. அந்த அமைப்பு 2005 வாக்கிலேயே ஆராய்ச்சிக்குப் புதிதாகப் பணம் கொடுப்பதை நிறுத்தி, நோயாளிகளுக்கான உதவிப் பணிக்கு மாறிவிட்டிருந்தது; கைப்பட்டை போட்டிருந்த பலர் அதை அறியவில்லை. 2012இல் ஊக்கமருந்துக் குற்றத்தில் அவர் பட்டங்களை இழந்தபோது அறக்கட்டளையும் ஆட்டம் கண்டது. ஒருவரின் உடலை மூலதனமாக வைத்துக் கட்டியது, அந்த உடலைப் பற்றிய பொய் வெளிவந்ததும் சரிந்தது.

ஆராய்ச்சிக்கே கொடுப்பதுதான் எல்லா இடத்திலும் சரியா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். யாழ்ப்பாணத்தில் போர் முடிந்த காலத்தில் புற்றுநோய் வந்தவர் கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள மகரகம வரை போக வேண்டியிருந்தது. 2011 ஜூலையில் நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவேவும் முன்னின்று தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைக்கு நடந்தார்கள். 27 நாள், சுமார் 670 கி.மீ., தெற்கிலிருந்து வடக்கே. வழியில் சிங்கள ஊர்களும் தமிழ் ஊர்களும் சேர்ந்து நடந்தன. அந்தப் பணத்தில் எழுந்ததுதான் தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனை. 2016இல் அதே பாதையில் வடக்கிலிருந்து தெற்கே நடந்தார்கள். இம்முறை காலியின் கராப்பிட்டிய மருத்துவமனைக்கு. கட்டிலே இல்லாத இடத்தில் மூலக்கூறு ஆய்வுக்குப் பணம் கேட்பது அபத்தம். சென்னையிலும் வழி அப்படித்தான் தொடங்கியது. 1923இல் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, முப்பது ஆண்டு விடாமல் கேட்டு, 1954இல் அடையாறில் 12 கட்டிலோடு மருத்துவமனையைத் திறந்தார். மருத்துவர்கள் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் அதைச் சிகிச்சையும் ஆய்வும் கூடிய நிறுவனமாக வளர்த்தார்கள்.

ஆய்வுக்குப் போன பணத்தின் பலனும் எல்லாருக்கும் தானாக வந்துவிடுவதில்லை. லுகேமியா சங்கம் பணம் கொடுத்த விஞ்ஞானிகளில் ஒருவர் பிரையன் ட்ரூக்கர். நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றை மாத்திரையால் அடக்கிய இமாட்டினிப் அவருடைய உழைப்பில் உருவானது. 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மக்கள் ஓடியும் வரி கட்டியும் கொடுத்த பணம் அதில் இருக்கிறது. மருந்தை விற்றது நோவார்ட்டிஸ். இந்தியாவில் அப்போது மாதத்துக்கு சுமார் 1,20,000 ரூபாய் விலை இருந்தது. இந்திய நிறுவனங்களின் மருந்து பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. நோவார்ட்டிஸ் 1998இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது சென்னை அலுவலகத்தில்தான். 2006இல் சென்னை அலுவலகம் மறுத்தது. 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மறுப்புக்கு அடிப்படையான காப்புரிமைச் சட்டப் பிரிவுக்கு எதிராக நிறுவனம் போட்ட வழக்கைத் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்து வழக்கை முடித்துவைத்தது. நிறுவனம் பல நோயாளிகளுக்கு இலவசமாகவும் மருந்து கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் இங்கே உள்ள நோயாளிக்கு அந்த மாத்திரையை எட்டவைத்ததில் வழக்கறிஞர்களுக்கும் நோயாளர் சங்கங்களுக்கும் உள்ள பங்கு ஓட்டக்காரர்களின் பங்கைவிடக் குறைந்தது அல்ல.

அப்படியானால் இங்கே ஓடித் திரட்டுகிறவர் எந்த ஆய்வுக்குக் கேட்கலாம்? யாரும் விற்று இலாபம் பார்க்க முடியாத ஆய்வுக்கு. எடுத்துக்காட்டு திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2000ஆம் ஆண்டு தொடங்கி, பயிற்சி பெற்ற செவிலியர்கள் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்துச் சொன்னார்கள். புற்றுநோய் ஆய்வாளர் சங்கரநாராயணனின் குழுவும் அம்பிளிக்கை மருத்துவமனையும் நடத்திய அந்த ஆய்வு 2007இல் லான்செட் இதழில் வந்தது: கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடு, அதனால் வரும் சாவு 35 விழுக்காடு குறைந்தது. அங்கே கேட்ஸ் அறக்கட்டளையின் பணம் இருந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, தலை-கழுத்துப் புற்று முற்றியவர்களுக்கு நிவோலுமாப் மருந்தை வழக்கத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, 20 மில்லிகிராம் மட்டும், மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் 16 விழுக்காட்டிலிருந்து 43 விழுக்காடாகக் கூடினார்கள். மருந்தைக் குறைத்துக் கொடுத்தாலும் போதும் என்று நிரூபிக்க எந்த மருந்து நிறுவனம் செலவழிக்கும்?

2025 ஜூனில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த 'சேலஞ்ச்' ஆய்வு இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது. பெருங்குடல் புற்றுக்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரை, பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும், இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினருக்கு உடற்பயிற்சி நல்லது என்று கையேடு மட்டும். மறு பாதியினருக்கு மூன்று ஆண்டு, ஆள் வைத்து, விடாமல் நடக்கவும் ஓடவும் சொல்லிக்கொடுத்தார்கள். ஐந்து ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முதல் பிரிவில் 74 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 80. எட்டு ஆண்டில் உயிரோடிருந்தவர்கள் 83க்கு எதிராக 90. புதிய மருந்து ஒன்று இதைக் காட்டியிருந்தால் பங்குச் சந்தை துள்ளியிருக்கும். நடைப்பயிற்சிக்கு யாரும் காப்புரிமை எடுக்க முடியாது. அதனால் கனடியப் புற்றுநோய்ச் சங்கம் போன்ற, மக்கள் கொடையில் நடக்கும் அமைப்புகளும் இதற்குப் பணம் போட்டன. 2009இல் தொடங்கிய ஆய்வு ஆள் சேர்த்து முடிக்கவே ஏறத்தாழ 15 ஆண்டு ஆனது.

நன்கொடை கேட்டு வரும் செய்திகளில் எந்த ஆய்வு, எத்தனை நோயாளிகள், பலன் யாருக்கு என்று ஒரு வரி எழுதியிருப்பதை நான் அரிதாகவே பார்க்கிறேன். 500 ரூபாய் கொடுக்கிறவர் கேட்டால் அமைப்புகள் பதில் சொல்லுமோ என்னவோ. ஓடுகிறவர் கேட்டால் சொல்லியாக வேண்டும். அவர் இல்லாமல் அந்த வருமானமே இல்லை. பயிற்சிக்கு எப்படியும் ஆறு மாதம் இருக்கிறது. அதில் ஒரு மாலையை இந்தக் கேள்விக்கு ஒதுக்கி, பதிலைத் தன் நன்கொடைப் பக்கத்தில் தொகைக்கு மேலே போடலாம்.